இளவேனிலில் பறவைப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளவேனில் தொடங்கியதும் கேமராவோடு கிளம்புகிறவர்கள் பலர் முதலில் செய்வது கூட்டைத் தேடுவது. கூடு கிடைத்துவிட்டால் பறவை திரும்பத் திரும்ப அங்கேதான் வரும், நின்று நிதானமாக எடுக்கலாம் என்ற கணக்கு. ஆனால் அடைகாக்கும் பறவை மிரண்டு எழுந்துபோனால் முட்டைகள் குளிர்ந்துவிடும். வெயில் நேராக விழும் கூடென்றால் சூடேறிக் கெட்டுவிடும். படம் தெளிவாக விழட்டும் என்று குறுக்கே நிற்கும் கிளையை ஒடிப்பது இன்னும் மோசம். காகத்தின் கண்ணில் படாமல் குஞ்சுகளைக் காத்துவந்ததே அந்தக் கிளைதான். எவ்வளவு அழகாக அமைந்தாலும் கூட்டுப் படம் வேண்டாம் என்பதே என் கட்சி.

எவ்வளவு கிட்டே போகலாம்? இதற்கு எல்லாப் பறவைக்கும் பொருந்தும் அடிக்கணக்கு கிடையாது. பறவையின் நடத்தையைப் பார்க்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்தது திடீரென்று தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். அலகில் புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்தினால், நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உப்புக்கொத்தி போன்ற பறவைகள் சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும். அடிபட்ட பறவை என்று நினைத்து அதன் பின்னாலேயே போகிறவர்கள் உண்டு. கூட்டிலிருந்து உங்களைத் திசைதிருப்ப அது ஆடும் நாடகம் அது. முட்டைகள் வெறுந்தரையில், கூழாங்கல்லின் நிறத்திலேயே, புள்ளி போட்டுக் கிடக்கும். உங்கள் அடுத்த அடி அதன்மேல் விழலாம். காலடியைப் பார்த்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி விலகுங்கள்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இந்தப் பருவத்தில் கூடாது. ஆண் பறவை பாடுவது தன் எல்லையைக் காக்கவும் துணையைக் கவரவும். உங்கள் கைபேசிக் குரலை எதிரி என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். விடியலில் சீக்கிரம் போய் உட்கார்ந்தால் போதும். அது தானாகவே பாடும்.

இனி கேமரா. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டப் பயந்து ஷட்டர் திறந்து மூடும் வேகத்தைக் குறைப்பதுதான் அதிகமான படங்களைக் கெடுக்கிறது. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியிலிருந்து தொடங்குங்கள். சிறிய, வேகமான பறவைக்கு அதற்கும் மேலே. ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய கண்ணைத் திருத்த முடியாது. ஃபோகஸ் கண்ணில்தான் இருக்க வேண்டும். இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் இறகின் இழைகள் வெளுத்துப்போகும். வெளிர்வானத்துக்கு எதிரே பறப்பதை எக்ஸ்போஷரைக் கூட்டி எடுங்கள். தரையில் மேயும் பறவையை நின்றபடி கீழ்நோக்கி எடுக்காமல், தரையில் முட்டை இல்லை என்று பார்த்துக்கொண்டு படுத்து, அதன் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள்.

இந்தப் பருவத்தில் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வதும் சறுக்கிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் பல பறவைகள் வேறு உடுப்புக்கு மாறிவிடுகின்றன. வெள்ளையாகத் திரிந்த உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் ஆரஞ்சு ஏறும். உருவ அளவு, அலகு, நடை, குரல் இவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தரையில் தத்தித் திரியும் குஞ்சை அநாதை என்று எண்ணி எடுத்துப்போகாதீர்கள். இறகு முளைத்துக் கூட்டை விட்டு வந்ததாக இருந்தால் பெற்றோர் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் விலகினால்தான் இரையோடு வரும். பூனையோ வண்டியோ வரும் இடமென்றால் அருகிலுள்ள புதரில் விட்டால் போதும்.

படத்தைப் பகிரும்போது இருப்பிடத் தகவல் அதனுள் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அரிய பறவை என்றால் அதை நீக்கிவிட்டு, குஞ்சுகள் பறந்துபோன பிறகு வெளியிடுங்கள்.