பிளக் பாயிண்டுக்கு எர்த் இருக்கிறது, மெட்டல் பாக்ஸுக்கு இருக்கிறதா?

பிளக் பாயிண்டின் பெரிய ஓட்டைக்குப் பச்சை ஒயரை முறுக்கியதும் எர்த் வேலை முடிந்ததென்று பிளேட்டை மூடிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். மாடுலர் சாக்கெட்டின் உடல் பிளாஸ்டிக். அதைத் தாங்கும் சட்டமும் பெரும்பாலும் பிளாஸ்டிக். சாக்கெட்டுக்குள் இருக்கும் எர்த் பித்தளைக்கும் சுவரில் புதைந்த மெட்டல் பாக்ஸுக்கும் தொடர்பே கிடையாது. பிளேட் திருகாணி பாக்ஸில்தானே இறங்குகிறது என்பார்கள். இறங்குகிறது, ஆனால் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. பாக்ஸுக்குத் தனி எர்த் ஒயர் போட்டே ஆக வேண்டும்.

லைட் சுவிட்ச் மட்டும் உள்ள பாக்ஸ் இன்னும் மோசம். ‘லைட்டுக்கு எதற்கு எர்த்’ என்று பச்சை ஒயரையே இழுத்திருக்க மாட்டார்கள். எர்த் லைட்டுக்காக இல்லை, பேஸ் ஒயர் நுழைகிற தகரத்துக்காக. பைப் நுழையும் துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். புஷ் (விளிம்பை மூடும் வளையம்) போடாமல் ஒயரை இழுத்தால் இன்சுலேஷன் கிழியும். பின்னால் மடித்துத் திணித்த ஒயரை நீளமான பிளேட் திருகாணி குத்தும். மழைக்காலத்தில் சுவர் ஊறியதும் போர்டைச் சுற்றிக் கை வைத்தால் ‘சுர்’ரென்று பிடிப்பதற்கு இப்படி உயிர் ஏறிய பாக்ஸ் காரணமாக இருக்கலாம்.

ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பதால் இதெல்லாம் வேண்டாம் என்பது அடுத்த தவறு. எர்த் இல்லாத பாக்ஸில் கசிவுக்கு வழி இல்லை, ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும். யாராவது தொட்டால், அவர் உடம்புதான் வழி. எர்த் இருந்தால், கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் டிரிப் ஆகிவிடும், யாரும் தொட வேண்டியதில்லை. எம்.சி.பி.யை (அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால் விழும் சுவிட்ச்) மட்டும் நம்புவதும் கூடாது. எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஓடுவது 46 ஆம்பியர். 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். குழி காய்ந்து 20 ஓம் ஆகிவிட்டால் 11.5 ஆம்பியர்தான், எம்.சி.பி. விழவே விழாது.

இருப்பதிலேயே ஆபத்தான வேலை, எர்த் ஒயர் வராத பாக்ஸில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை (ஜம்பர்) எடுத்து எர்த்தில் கொடுப்பது. டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரியும், வீட்டுக்காரரும் திருப்தி அடைவார். டி.பி.யில் (மெயின் சுவிட்சும் எம்.சி.பி.களும் இருக்கும் பெட்டி) நியூட்ரல் திருகு தளர்ந்துவிட்டால்? ஓடுகிற ஃபேன் வழியாக பேஸ் திரும்பி வந்து, அந்த ஜம்பர் வழியே பாக்ஸில் 230 வோல்ட்டாக நிற்கும். அதோடு கிரைண்டர், ஃபிரிட்ஜ் உடம்பிலும். எர்த் ஒயர் இழுக்க வழியே இல்லையென்றால் பிளாஸ்டிக் பாக்ஸாக மாற்றுங்கள். சாக்கெட்டுக்கு எர்த் வேண்டும் என்பது அப்போதும் மாறாது. குடிநீர்க் குழாயில் கட்டுவதும் வேண்டாம். பாதிக் குழாய் பி.வி.சி. ஆகியிருக்கும், மீதி இரும்பில் ஷாக் அடிக்கும்.

இணைக்கும் விதம்: எர்த் ஒயர் பேஸ் ஒயரின் அளவிலேயே இருக்கட்டும். லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), ஹீட்டர் பாயிண்டுக்கு 2.5 அல்லது 4. முனையில் ரிங் லக் (ஒயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) அடித்து, பாக்ஸின் எர்த் திருகில் ஸ்டார் வாஷரோடு இறுக்குங்கள். அந்த இடத்தில் பெயிண்டோ சிமென்ட் பூச்சோ இருந்தால் தகரம் தெரியச் சுரண்டுங்கள். சுவரில் அடித்த திருகிலோ பிளேட் திருகிலோ கட்டக் கூடாது. பிளேட்டைக் கழற்றியதும் எர்த்தும் போய்விடும். வரும் எர்த், அடுத்த போர்டுக்குப் போகும் எர்த், சாக்கெட்டுக்கு ஒரு வால், பாக்ஸுக்கு ஒரு வால் என நான்கையும் ஒரு கனெக்டரில் சேர்த்துவிட்டால், சாக்கெட் மாற்றும்போது அடுத்த அறையின் எர்த் அறுபடாது.

சோதனைக்கு டெஸ்டர் உதவாது. எர்த் இல்லாத பாக்ஸில் தூண்டல் மின்சாரத்துக்கே அது மங்கலாக எரியும். டபுள் போல் மெயினை (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் சுவிட்ச்) அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணையுங்கள், மெயின் அணைந்தாலும் அதன் லைன் உயிரோடு இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை டி.பி. எர்த் பாரில் நீண்ட ஒயர் மூலம் இணைத்து, மறுமுனையைப் பாக்ஸில் வையுங்கள். 1.5 ஸ்கொயர் செம்பு 20 மீட்டருக்குச் சுமார் 0.24 ஓம், சோதனை ஒயரின் அளவைக் கழித்தபின் இதை ஒட்டி வர வேண்டும். 1 ஓமைத் தாண்டினால் எங்கோ முறுக்கு தளர்ந்திருக்கிறது. பிறகு முனையை எர்த் பாரிலிருந்து நியூட்ரல் பாருக்கு மாற்றுங்கள். இப்போது இணைப்பு இருப்பதாக மீட்டர் கத்தினால் ஏதோ ஒரு போர்டில் அந்த ஜம்பர் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பிளேட்டாகக் கழற்றித் தேட வேண்டியதுதான்.