வீட்டில் பழுதா? ஜெர்மன் வீட்டுக்காரரிடம் ஜெர்மன் மொழியிலேயே சொல்லுங்கள்

ஜெர்மனியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், வீட்டில் பழுது ஏற்பட்டால் தாமதிக்காமல் வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 536சி பிரிவு. சொல்லாமல் விட்டதால் சேதம் பெருகினால் அந்தச் செலவு குடியிருப்பவர் தலையில் விழலாம். வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 535ஆம் பிரிவு சொல்கிறது. மொழி வரவில்லையே என்ற தயக்கத்தில் சுவரில் பூஞ்சை படர்வதைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பத்துப் பதினைந்து வாக்கியங்கள் போதும்.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. 'நிஹ்ட்', 'இஹ்' என்று வரும் இடங்களில் 'ஹ்' என்பதை மூச்சுக்காற்றாக மெல்ல விடுங்கள். செல்பேசியில் ஜெர்மன் குரல் தட்டச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிப் பாருங்கள். செல்பேசி சரியாக எழுதிவிட்டால் உச்சரிப்பும் சரி. மின்னஞ்சலில் ஒட்டுவதற்கு எழுத்துக்கூட்டலும் கிடைத்துவிடும்.

படி 1: யாரிடம் சொல்வது?

வீட்டின் சொந்தக்காரர் 'ஃபெர்மீட்டர்', பெண்ணானால் 'ஃபெர்மீட்டரின்'. பெரிய குடியிருப்புகளில் 'ஹவுஸ்ஃபெர்வால்டுங்' என்ற நிர்வாக அலுவலகம் இருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் 'ஹவுஸ்மைஸ்டர்'. அவருடைய எண்ணைப் பெரும்பாலும் மாடிப்படி அருகே ஒட்டியிருப்பார்கள். விரைவாக வேலை நடக்க ஹவுஸ்மைஸ்டரை அழையுங்கள். ஆனால் வீட்டுக்காரருக்கோ நிர்வாகத்துக்கோ எழுத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

படி 2: என்ன பழுது?

எதற்கும் பொருந்தும் வாக்கியம் 'இஸ்ட் கபுட்'. 'டீ ஹைட்சுங் இஸ்ட் கபுட்' என்றால் வெப்பமூட்டி பழுது. அவசரத்துக்கு இது போதும். என்ன ஆயிற்று என்று சொல்ல முடிந்தால் வருகிறவர் சரியான கருவியோடு வருவார்.

குழாய் சொட்டுகிறது: டேர் வாஸ்ஸர்ஹான் ட்ரொப்ஃப்ட்.
கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது: டேர் அப்ஃப்ளுஸ் இஸ்ட் ஃபெர்ஷ்டொப்ஃப்ட்.
வெந்நீர் வரவில்லை: வீர் ஹாபன் கைன் வார்மஸ் வாஸ்ஸர்.
சுவரில் பூஞ்சை: ஆன் டேர் வான்ட் இஸ்ட் ஷிம்மல்.
ஜன்னலை மூட முடியவில்லை: டாஸ் ஃபென்ஸ்டர் லெஸ்ட் ஸிஹ் நிஹ்ட் ஷ்லீஸன்.

படி 3: எங்கே, எப்போதிலிருந்து?

குளிரில் வெப்பமூட்டி நின்றுபோவதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. அதை வைத்தே பார்ப்போம். 'டீ ஹைட்சுங் வீர்ட் நிஹ்ட் வார்ம்', அதாவது சூடேறவில்லை என்று நீங்கள் சொன்னதும், ஓர் அறையிலா, வீடு முழுவதுமா என்று கேட்பார்கள். 'நூர் இம் ஷ்லாஃப்ட்ஸிம்மர்' என்றால் படுக்கையறையில் மட்டும். அந்த ஒரு வெப்பமூட்டியின் வால்வு இறுகியிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம். 'இன் டேர் கன்ட்ஸன் வோனுங்' என்றால் வீடு முழுவதும்; அப்போது கொதிகலனையோ சுற்றோட்ட பம்பையோ பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த கேள்வி, பக்கத்து வீடுகளிலும் இப்படியா என்பதாக இருக்கும். ஆம் என்றால் 'பை டென் நாஹ்பார்ன் அவுஹ்'. அழைக்கும் முன்பே பக்கத்து வீட்டில் விசாரித்துவிடுங்கள்.

நாள் கணக்குக்கு 'ஸைட்': 'ஸைட் கெஸ்டர்ன்' நேற்றிலிருந்து, 'ஸைட் ட்ரை டாகன்' மூன்று நாளாக. குளியலறையில் என்றால் 'இம் பாட்'. சமையலறையில் என்றால் 'இன் டேர் கிஹெ'. இதில் 'கி' சொல்லும்போது உதட்டைக் குவித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆள் அனுப்பக் கேட்பது

'கென்ட்டன் ஸீ பிட்டெ ஐனன் ஹான்ட்வெர்க்கர் ஷிக்கன்?' பழுது பார்ப்பவரை அனுப்ப முடியுமா என்று பணிவாகக் கேட்கும் வாக்கியம். இங்கும் 'கெ'வை உதடு குவித்துச் சொல்ல வேண்டும். எப்போது வருவார்கள் என்று கேட்க: 'வான் கான் யேமான்ட் ஃபோர்பைகொம்மன்?'

பதில் வேகமாக வந்து புரியாமல் போனால் 'கெனன் ஸீ மீர் டாஸ் பிட்டெ ஷ்ரைபன்?' என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இதுதான். புரிந்ததுபோல் 'யா, யா' என்று தலையாட்டிவிட்டால், அவர்கள் சொன்ன நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள்.

குழாய் வெடித்துத் தண்ணீர் பாய்ந்தால் முதலில் தண்ணீர் வரும் பிரதானக் குழாயை மூடுங்கள். பிறகு 'ரோர்ப்ருஹ்! டாஸ் இஸ்ட் ஐன் நோட்ஃபால்' என்று சொல்லுங்கள்; குழாய் உடைந்துவிட்டது, இது அவசரம் என்று பொருள். இலக்கணம் பார்க்க வேண்டிய நேரமல்ல அது.

படி 5: எழுத்தில்

தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்:

ஸேர் கெயேர்ட்டெ ஃப்ராவ் (பெயர்),
டீ ஹைட்சுங் இம் ஷ்லாஃப்ட்ஸிம்மர் வீர்ட் ஸைட் ட்ரை டாகன் நிஹ்ட் வார்ம். இம் அன்ஹாங் ஃபின்டன் ஸீ ஃபோட்டோஸ். பிட்டெ பெஹேபன் ஸீ டென் மங்கல் பிஸ் ட்ஸும் (தேதி).
மிட் ஃப்ராயின்ட்லிஹன் க்ரீஸன்
(உங்கள் பெயர், முகவரி, மாடி)

ஆணுக்கு எழுதினால் தொடக்கம் 'ஸேர் கெயேர்ட்டர் ஹேர்'. 'க்ரீ'யிலும் உதடு குவியும். படங்களை இணைத்திருப்பதாக இரண்டாவது வாக்கியமும், குறித்த தேதிக்குள் குறையைச் சரிசெய்யுமாறு மூன்றாவதும் சொல்கின்றன. இந்தத் தேதியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கெடு இல்லாத கடிதத்தைக் கிடப்பில் போடுவது எளிது.

வாடகை ஒப்பந்தத்தில் 'க்லைன்ரெபராட்டூர்' என்ற பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய்த் திருகு, ஜன்னல் கைப்பிடி போல் நீங்கள் அன்றாடம் கையாளும் பொருள்களின் சிறு பழுதுக்கு, குறித்த தொகை வரை உங்களிடம் கேட்க அது இடம் தரலாம்.

கெடு தாண்டிவிட்டால்

அதே கடிதத்தைப் புதிய தேதியிட்டு 'ஐன்ஷ்ரைபன்' எனப்படும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குறை பெரிதாக இருந்தால் வாடகை குறையும் என்று 536ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எவ்வளவு என்பதை நீங்களாகவே முடிவு செய்து பிடித்துக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மீறிப் பிடித்தால் அது வாடகைப் பாக்கியாகி, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்குப் போகலாம். உங்கள் ஊரிலுள்ள 'மீட்டர்ஃபெரைன்' என்ற வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகி, ஒப்பந்தம், படங்கள், அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றோடு போய்க் கேளுங்கள்.