வெளிநாட்டுக் கூட்டாளி திரும்பிப் போக முதல் செய்யவேண்டியது

லண்டனோ சுவிஸோ கனடாவோ, லீவில் மட்டக்களப்புக்கு வந்த கூட்டாளி திரும்பிப் போக நாலைந்து நாள் இருக்கும்போதுதான் வீட்டில் அமளி தொடங்கும். அதுவரைக்கும் பாசிக்குடா, கல்லடி என்று சுற்றித்திரிந்த ஆள் திடீரென்று "பெரியம்மாவைப் பார்க்கல்ல, கறித்தூள் இடிக்கல்ல, பாக் கட்டல்ல" என்று தலையில் கை வைப்பார். இந்த நாட்களை நடத்திக் கொடுக்க வேண்டியது இங்கே இருக்கிற நாம்தான். வந்த ஆளுக்கு யாரிடமும் 'ஏலாது' என்று சொல்ல வாய் வராது.

முதலில் டிக்கெட்டை வாங்கி நீங்களே ஒருதரம் பாருங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிறைய விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் வெளிக்கிடும். 15ஆம் திகதி அதிகாலை 2.30 என்று இருந்தால், வான் வீட்டு வாசலை விட்டு எடுக்கவேண்டியது 14ஆம் திகதி பகல் 2 மணிபோல. இங்கிருந்து 7, 8 மணித்தியால ஓட்டம், அங்கே மூன்று மணித்தியாலம் முன்னால் நிற்கவேண்டும். இதைக் கவனிக்காமல் 14ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாக மாமி வீட்டில் சொல்லி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். விசா எத்தனையாம் திகதி முடிகிறது என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சொல்லிக்கொண்டு போக வேண்டிய வீடுகளைத் திசை பார்த்துப் பிரியுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சொந்தம் இருந்தால் ஒரு காலையை அதற்கே ஒதுக்கி, மண்முனைப் பாலத்தால் போய் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டு வரலாம். கடல் பக்கத்து எழுவான்கரை வீடுகள் இன்னொரு நாள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில்தான் சோறு, மற்ற வீடுகளில் தேத்தண்ணி மட்டும் என்று முதலே போனில் சொல்லிவிட வேண்டும், அதுவும் நீங்கள்தான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மூன்று வீட்டிலும் இறால், கணவாய், கோழி என்று வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், மூன்றாவது வீட்டில் "எங்கட வீட்டுச் சோறு மட்டும் இறங்காதா மகன்?" என்று கேட்டால் பதில் இல்லை. நண்டுக்கறியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வைத்து முடியுங்கள். பயண நாளில் சோறும் பருப்பும் ஒரு சொதியும் போதும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தால் மகியங்கனை, கண்டி வழியே போகிறவர்கள் அந்த மலைப்பாதையின் 18 வளைவையும் நினைத்துக்கொண்டு சாப்பிடவேண்டும்.

இனிப் பாக். இதில்தான் சண்டையே வரும். தூளைக் கடைசி நாள் இடிக்கக் கொடுக்காதீர்கள். ஆலையில் இருந்து வரும்போது தூள் சூடாக இருக்கும், அதைப் பேப்பரில் பரத்தி நன்றாக ஆறவிட்டுத்தான் கட்டவேண்டும், சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபட்டுப் போகும். இரண்டு பை போட்டு, வாயை மடித்து டேப் ஒட்டி, உடுப்புக்கு நடுவில் வையுங்கள். கருவாடு என்றால் குடல் எடுத்ததாக இருக்கவேண்டும், ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரைக்கும் விடுவார்கள். தேன் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம், அதுவும் கைப்பையில் வைக்க ஏலாது. இறைச்சியும் பால் சாமானும் அந்தப் பக்கம் தடை, ஆகவே எருமைத் தயிர்ச் சட்டியை இங்கேயே சீனி போட்டு முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கறிவேப்பிலையும் பச்சை மரக்கறியும் சான்றிதழ் இல்லாமல் போகாது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர் சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் இறங்கும்போது போமில் எழுதிக் காட்டவேண்டும், மறைத்தால் தண்டம் பெரிது. பவர் பாங்க் கைப்பையில்தான். ஆட்களுக்குக் கொடுக்க ஏதும் வேண்டுமென்றால் மருதமுனைச் சாரம் வாங்குங்கள், பாரமும் இல்லை, உடையவும் உடையாது.

நிறை பார்க்கத் தராசு தேடி அலைய வேண்டாம், ஆள் நிறை பார்க்கிற மெசினில் பாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி உங்கள் நிறையைக் கழித்தால் சரி. விமானத்தில் விடுகிறது 23 கிலோ என்றால் 22இல் நிறுத்துங்கள். ஏனென்றால் வான் வாசலுக்கு வந்த பிறகும் யாராவது ஒரு பார்சலோடு வருவார்கள், "மகனுக்குக் கொஞ்சம் பணியாரம், அவன் வந்து எடுப்பான்" என்று. அந்த நேரம் முன்னுக்கு நிற்கவேண்டிய ஆள் நீங்கள். பார்சலைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். தெரியாத ஆளின் ஒட்டிய பார்சல், குளிசை, உள்ளே என்ன என்று சொல்லத் தயங்குகிற எதுவும் வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் பிடித்தால் பாக்கின் சொந்தக்காரர்தான் பதில் சொல்லவேண்டும். உங்களைக் கோபித்தாலும் பரவாயில்லை, நாளைக்கு ரோட்டில் கண்டு சமாதானமாகலாம்.

இதெல்லாம் முந்தின நாள் பின்னேரத்துக்குள் முடிந்தால்தான் அன்று இரவு கல்லடிக் கடற்கரையிலோ வாவிக்கரையிலோ சும்மா இருந்து கதைக்க நேரம் கிடைக்கும். கமரா, வீடியோ என்று அதையும் ஒரு வேலையாக ஆக்காதீர்கள். வானுக்கு யார் காசு என்ற கதையை அன்றைக்கே பேசி முடியுங்கள், வாசலில் நின்று ஒருவர் சட்டைப்பைக்குள் மற்றவர் காசைத் திணிக்கிற கூத்து வேண்டாம்.

மார்கழி, தை மழைக் காலம் என்றால் மன்னம்பிட்டி, கல்லல்லப் பக்கம் ரோட்டில் வெள்ளம் ஏறுகிறதா என்று காலையிலேயே விசாரியுங்கள், ஏறினால் வேறு வழி சுற்ற இரண்டு மூன்று மணித்தியாலம் கூட வேண்டும். புனாணை, வெலிக்கந்தை, ஹபரணை எல்லாம் இரவில் யானை ரோட்டுக்கு வருகிற இடங்கள், வெளிச்சம் இருக்கும்போதே தாண்டப் பாருங்கள்.

அப்புறம், ஆளை உள்ளே அனுப்பியவுடன் வானைத் திருப்பாதீர்கள். அங்கே உங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, ஆனால் றைவர் பகல் முழுக்க ஓடி வந்தவர். நீர்கொழும்புப் பக்கம் ஓரமாக நிறுத்தி விடியும் மட்டும் படுக்கவிட்டு, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்த பிறகு வெளிக்கிடுங்கள்.