வண்டி எடுப்பதற்கு முன் போனுக்கு ஒரு நிமிடம்

பெங்களூரில் சில்க் போர்டு பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், சிக்னலில் நிற்கும்போதுதான் கை தானாகப் போனுக்குப் போகும். பச்சை விழுந்த பிறகும் பாதிப் பேர் வாட்ஸ்அப்பை முடித்துவிட்டுத்தான் கியர் போடுகிறார்கள், பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஓடும்போது பார்ப்பதுதான் ஆபத்து: 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி திரையைப் பார்த்தால், வண்டி 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரிதான். நம்ம ஊர்ப் பள்ளங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

அதனால் கிளம்பும் முன்பே மேப்பில் இடத்தைப் போட்டு, குரல் வழிகாட்டலைச் சத்தமாக வைத்து, போனை ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள். ஐபோனில் 'டிரைவிங்' ஃபோகஸ் இருக்கிறது, ஆன் செய்தால் மெசேஜ் அனுப்புகிறவருக்கு 'வண்டி ஓட்டுகிறேன்' என்று அதுவே பதில் போடும். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் 'டிரைவிங்' என்று தேடிப் பாருங்கள், பல போன்களில் கிடைக்கும். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால்? ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்று முன்பே சொல்லி வைத்துவிட்டால் அவர்களும் பதற மாட்டார்கள்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டு பேசுகிறார்களே, அது நழுவினால் கை ஹேண்டில்பாரை விட்டுவிடும். புளூடூத்தும் முழுத் தீர்வு இல்லை, கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும். அவசரம் என்றால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள், ஆனால் மேம்பாலத்தின் மேல் மட்டும் வேண்டாம்.