மாடி ஷீட் காற்றில் பறக்காமல் இருக்க

மொட்டை மாடியில் ஷீட் போடும்போது "எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்றுதான் வெல்டரைக் கேட்கிறோம். புயலில் கூரை நொறுங்கி விழுவது குறைவு. பிய்த்துக்கொண்டு மேலே போவதுதான் அதிகம். எனவே இழுப்புக்குக் கணக்குப் போடுங்கள்.

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்று விசைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. 50-ஐ 50-ஆல் பெருக்கி, மீண்டும் 0.6-ஆல் பெருக்கினால் காற்றின் அழுத்தம் வரும்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. 20-க்கு 15 அடி ஷீட் என்றால் 28 சதுர மீட்டர். ஒரு பக்கம் மாடிப்படி அறை அடைத்து நின்றால் இந்த அழுத்தம் முழுக்கத் தூக்கு விசையாகும் என்று வையுங்கள்: 4.2 டன். பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு, 6.3 டன். ஷீட், பைப் எடை 300 கிலோவைக் கழித்தால் 6 டன். ஆறு கால் நட்டால் மூலைக்கால் நான்கும் தலா முக்கால் டன், நடுக்கால் இரண்டும் தலா ஒன்றரை டன் பிடித்து நிற்க வேண்டும்.

தற்காலிகக் கொட்டகைக்கு வேகத்தை 0.70 மடங்காகக் குறைக்க அதே தரநிலை இடம் தருகிறது, அழுத்தம் பாதியாகிவிடும். பந்தலுக்கு அது சரி. மாடி ஷீட்டோ தற்காலிகம் என்று சொல்லியே பத்து வருஷம் நிற்கிற சாமான்.

இனி கால். தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, அதன்மேல் ஓடு. போல்ட் இந்த அடுக்கோடு நின்றுவிட்டால் பல் பிடுங்குவதுபோல் வந்துவிடும். அந்த இடத்தில் அடுக்கை வெட்டியெடுத்து, கீழே பில்லரோ பீமோ உள்ள இடத்தில் கான்கிரீட்டில் துளையிடுங்கள். 8 அங்குலச் சதுரத்தில் 10 மி.மீ. பிளேட், நான்கு 12 மி.மீ. கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசையால் ஒட்டும் போல்ட்), கான்கிரீட்டுக்குள் 110 மி.மீ. ஆழம். துளைத் தூசியை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுங்கள். தூசி இருந்தால் பசை பிடிக்காது. கம்பி தட்டுப்பட்டால் துளையைத் தள்ளிப் போடுங்கள், கம்பியை அறுக்க வேண்டாம். பிறகு நீர்க்கசிவுத் தடுப்பு பூசி மூடுங்கள்.

துளையே வேண்டாம் என்று கான்கிரீட் கட்டை வைப்பவர்கள் உண்டு. ஒன்றரை டன்னுக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் கான்கிரீட் வேண்டும். அதைத் தளத்தின் நடுவில் வைத்தால் வேறு ஆபத்து.

அடுத்து ஸ்குரூ. பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்கு பைப்) 4 அடிக்கு ஒன்று, ஸ்குரூ 40 செ.மீ.க்கு ஒன்று என்றால் ஒவ்வொன்றும் 70 கிலோவுக்கு மேல் இழுபடும். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் அதிகம். அங்கே பர்லினை இரண்டரை அடிக்கு நெருக்கி, ஸ்குரூவை 20 செ.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். பர்லின் தடிமன் குறையக் குறைய மரையின் பிடிப்பும் குறையும். ஷீட்டை வெளியே ஓர் அடிக்கு மேல் நீட்டாதீர்கள்.

பர்லினை இரண்டு பொட்டு வெல்டிங்கில் நிறுத்திவிட்டுப் போவார்கள்; சுற்றிலும் முழு வெல்டிங் கேளுங்கள். கால்களுக்கிடையே குறுக்குச் சட்டம் இரண்டு திசையிலும் வேண்டும். 2016 வர்தா புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது.