தனியாக வீடெடுத்துப் படிக்கும் மாணவர்கள் காசை விடும் இடங்கள்

விடுதியை விட்டு வந்து, நாலு பேராகச் சேர்ந்து சென்னையில் வீடு பிடிக்கும் கல்லூரி மாணவர்கள் வருஷா வருஷம் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். டீயைக் குறை, சினிமாவைக் குறை என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுச் சலித்த அறிவுரை. பெரிய தொகை போவது வேறு இடங்களில்.

அட்வான்ஸ்

மாத வாடகை 16,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ் 96,000 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 24,000. "எப்படியும் திரும்ப வர்ற காசுதானே" என்று ஊரில் சொல்லி வாங்கி வந்து கொடுக்கிறார்கள். பத்து மாதம் கழித்துக் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். முன்கூட்டிச் சொல்லவில்லை என்று இன்னொரு மாத வாடகை. கரண்ட் பில் பாக்கி, உடைந்த குழாய் என்று 4,000. மிச்சம் 60,000, ஆளுக்கு 15,000. ஒவ்வொருவருக்கும் போனது 9,000, அதாவது மாதம் 900. தினம் இரண்டு 15 ரூபாய் டீ குடித்தாலும் அவ்வளவுதான் ஆகும். டீயை நிறுத்திவிட்டு இதைக் கோட்டை விடுவதைப் பார்க்கத்தான் ஆற்றாமையாக இருக்கிறது. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. ஆறு மாதம் என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபின் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் பெயின்டிங் பிடித்தம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் நிதானமாகப் படியுங்கள். தேர்வு முடிந்து மே மாதம் கிளம்புவதாக இருந்தால் மார்ச் கடைசியிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், ஃபேன், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். டபுள் சைட் டேப்பில் போஸ்டர் ஒட்டவே வேண்டாம். உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும், அப்புறம் அந்தப் பிடித்தத்தை எதிர்த்துப் பேச வாயில்லை.

இன்னொரு கண்ணி, நடுவில் ஒருவன் கிளம்புவது. புதிதாக வருகிறவன் தன் பங்கைப் போகிறவன் கையில் கொடுத்துவிடுகிறான். பத்திரத்தில் பெயர் பழைய ஆளுடையது. கடைசியில் அட்வான்ஸ் பழைய ஆளின் கணக்குக்குப் போகிறது, அவன் போனை எடுப்பதில்லை. ஆள் மாறும்போதே பெயரை மாற்றி எழுதுங்கள். முடியாவிட்டால், இன்னார் பங்கு இவ்வளவு, இன்றுமுதல் இவருக்கு உரியது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும், உரிமையாளரும் சேர்த்து, கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கரண்ட் பில்

குடிபோகும் அன்று மீட்டரைப் படம் பிடிக்காவிட்டால் முந்தைய குடித்தனக்காரர் ஓட்டிய யூனிட்டும் உங்கள் தலையில் விழும். இணைப்பு எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டால் பில்லை மின்வாரியத் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். ஒன்றரை டன் பழைய ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் இழுக்கும். இரவு 6 மணி நேரம் ஓடினால் 9 யூனிட். 60 நாளில் அது மட்டுமே 540. ஏசி உள்ள அறையில் படுப்பவர்கள் பில்லில் கூடுதல் பங்கு தருவது என்று முதல் மாதமே பேசிக்கொள்ளுங்கள். பில் வந்தபின் பேசினால் சண்டைதான்.

அரிசி மூட்டை

கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சமாகும் என்று 26 கிலோ சிப்பம் வாங்குவார்கள். ராத்திரி மட்டும் சமைக்கும் நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 600 கிராம் போதும். சனி, ஞாயிறு ஊருக்குப் போவதையும் கழித்தால் அந்த மூட்டை இரண்டு மாதத்துக்குக் கிடக்கும். அதற்குள் வண்டு விழுந்துவிடும். 10 கிலோ வாங்குங்கள். பருப்பு, எண்ணெய் இரண்டையும் அந்தந்த மாதத்துக்கு மட்டும்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை

அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும், அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே ஓடும்.

கடன் ஆப்

தொடவே வேண்டாம். போனில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. கேட்கிற ஆப் எதற்குக் கேட்கிறது என்று யோசியுங்கள்.

உதவித்தொகை வரும் கணக்கு

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். கல்லூரியில் முகாம் போட்டுப் புதுக் கணக்கு திறக்கும்போது யோசிக்காமல் இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய கணக்கில் பணம் வரவில்லை என்று அலைகிறார்கள். புதிதாகத் திறந்ததில் குறைந்தபட்ச இருப்பு விதி இருந்தால் அபராதமும் அந்த ஆயிரத்திலிருந்தே போகும். வங்கியில் இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று கேட்டுத் திறந்து, ஆதாரை அதோடு மட்டும் இணையுங்கள்.