இமை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு, மஞ்சக்குப்பத்துத் தையல் கடையிலிருந்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தொட்ட வாடிக்கையாளர்கள் அளவு கொடுத்து முடித்ததும் என் முகத்தையே பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, கண் இமையில் ஆபரேஷன் செய்துகொண்டீர்களாமே, ரொம்ப வலித்ததா?" என்பார்கள். வலியைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மரத்துப்போகும் ஊசி போடும் அந்தச் சில நொடிகள்தான். அதற்கு முன்னும் பின்னும் தெரிந்திருக்க வேண்டியவைதான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இமை கண்ணை மூடுவதற்காக இருக்கிறது. நிமிடத்துக்குச் சராசரியாகப் பதினைந்து தடவை மூடித் திறந்து, கண்ணீரை விழி முழுக்கப் பரப்புவது அதன் வேலை. அழகுக்காகப் போனாலும் வசதிக்காகப் போனாலும், எவ்வளவு தோலை எடுக்கலாம் என்பதைவிட எவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்று பார்க்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். துணியில் ஒரு விரற்கடை கூடுதலாக விட்டுவைத்தால் பிறகு பிடித்துக்கொள்ளலாம். குறைத்து வெட்டிவிட்டால் எந்தக் கைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. இமையிலும் அப்படித்தான். இதை நான் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம்.

எனக்கு மேல் இமைத் தோல் தளர்ந்து மடிந்து இரப்பை மயிரின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க முகவாயைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இமையைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை நாள் முழுக்கப் புருவத்தை உயர்த்திக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஆனால் நெற்றி விண்ணென்று வலிக்கும். அதோடு, நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் "உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இமை தொங்குவதெல்லாம் ஒரே காரணத்தால் அல்ல. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, நெற்றியைத் தளர்த்தி, நேராகப் பாருங்கள். இமை விளிம்பு சரியான இடத்தில் இருக்க, அதன்மேல் தோல் மடிந்து தொங்கினால் அதுதான் தோலை எடுக்கும் இந்தச் சிகிச்சைக்கு உரியது. இமை விளிம்பே இறங்கி நடுக் கருமணியைத் தொட்டால், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறது. அதற்குத் தசையை இறுக்கும் வேறு அறுவை சிகிச்சை வேண்டும். தோலை மட்டும் எடுத்தால் பயன் இருக்காது. புருவத்தை விரலால் மெல்லத் தூக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டால், இறங்கியிருப்பது புருவம். பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். இது ஒரு முன்யோசனைக்குத்தான், முடிவு மருத்துவருடையது.

காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கும் இமை, நரம்பும் தசையும் சேரும் இடத்து நோயாக இருக்கலாம். திடீரென்று ஒரு பக்க இமை இறங்கி, பொருள்கள் இரண்டாகத் தெரிந்து, கடும் தலைவலியும் வந்தால் அழகு பற்றிய பேச்சே வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

யாரிடம் போவது? கண் மருத்துவம் படித்து, இமை, கண்குழி அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆக்குலோபிளாஸ்டி என்று கேட்டால் மருத்துவமனை வரவேற்பிலேயே சொல்வார்கள். பிளாஸ்டிக் சர்ஜன்களும் செய்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன; புதுச்சேரியில் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. எங்கே போனாலும் கத்தியைப் பிடிக்கப்போகிறவர் எம்.எஸ். கண் மருத்துவமா, எம்.சி.ஹெச். பிளாஸ்டிக் சர்ஜரியா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அழகு நிலையத்தோடு ஒட்டிய அறையில் இதைச் செய்துகொள்ள ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

முதல் சந்திப்பில் மருத்துவர் என்ன பார்க்கிறார் என்பதை நீங்களும் கவனியுங்கள். பார்வை, கண் அழுத்தம், கண் வறட்சி இவற்றைப் பார்க்க வேண்டும். வறட்சிக்கு ஒரு மெல்லிய காகிதப் பட்டையைக் கீழ் இமையில் செருகி ஐந்து நிமிடம் விட்டு, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பார்கள். கண் ஏற்கெனவே வறண்டிருந்தால் தோலை எடுத்த பிறகு எரிச்சல் கூடும். தைராய்டு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டால் கண் வீங்கியிருந்தால், நோய் அடங்கிச் சில மாதங்கள் நிலையாக இருந்த பிறகே செய்வார்கள். என் மருத்துவர், "மெதுவாகக் கண்ணை மூடுங்கள் அம்மா. இப்போது இறுக மூடுங்கள்" என்று பல தடவை சொல்லி, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது. கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு பழைய படத்தையும் எடுத்துப்போங்கள். உங்கள் இமை இளமையில் எப்படி இருந்தது என்பது அதில் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே மடிப்பு தாழ்வாக இருக்கும்.

எதை இந்தச் சிகிச்சை மாற்றாது என்பதும் தெரிய வேண்டும். கண்ணின் ஓரத்துச் சுருக்கம் போகாது. கருவளையம் போகாது. இரண்டு கண்ணும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல ஆகாது.

பணத்தைப் பொறுத்தவரை, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கம், மயக்க மருந்து நிபுணர், மருந்து, மறுபடி பார்க்கும் செலவு எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு. காப்பீடும் கொடுக்காது. தோல் பார்வையை மறைக்கிறது என்று பார்வைப் பரப்புச் சோதனையில் தெரிந்தால் அது மருத்துவத் தேவை ஆகிறது. அப்படியானால் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது.

நாள் குறிப்பதற்கு முன் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டுபவை. சித்த மருந்து, கஷாயம் குடித்தாலும் மறைக்க வேண்டாம். ஆனால் இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களே நிறுத்தக் கூடாது. அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கண்ணுக்காகத்தான்.

முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள், அப்புறம் சில நாள் முடியாது. மை, பொட்டு, நகப்பூச்சு வேண்டாம். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க மின்கருவி பயன்படுத்துவதால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்க வேண்டாம் என்பார்கள். மூக்குத்தி, மெட்டியோடு தாலிக்கொடியும் அதில் சேரும். கடைசி நேரத்தில் அரங்க வாசலில் கண் கலங்கி நிற்காமல், முதல் நாளே கொடியை மாற்றி வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போவது நம் ஊர்ப் பெண்கள் செய்வதுதான்.

இனி அறுவை அரங்கம். மேல் இமை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். படுத்தால் தோல் பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் உட்கார வைத்தே குறி போடுவார்கள். எனக்கு இதுதான் மறக்க முடியாத பகுதி. ஊதா மைப் பேனாவால் இமை மடிப்பின்மேல் முதல் கோடு. பிறகு மழுங்கிய சாமணத்தால் மேலிருக்கும் தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். இமை விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி மூடச் சொன்னார். மூடியது. அந்த இடத்தில் புள்ளி வைத்தார். இப்படியே உள்மூலையிலிருந்து வெளிமூலை வரை. பிறகு சின்னக் கவராயத்தால் அளந்தார். புருவத்துக்கும் இரப்பை மயிர் விளிம்புக்கும் இடையே மொத்தம் 20 மில்லிமீட்டராவது தோல் மிஞ்ச வேண்டும், அப்போதுதான் கண் முழுதாக மூடும் என்று விளக்கினார். வாழ்நாள் முழுக்க அளவெடுத்தே பிழைக்கிற எனக்கு அந்தக் கை நிதானம் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஊசி சுருக்கென்று குத்தி எரியும். அதில் அட்ரினலின் கலந்திருப்பதால் நெஞ்சு சற்றே படபடக்கலாம், பயப்பட வேண்டாம். அதன் பிறகு இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. ஏதோ கருகும் வாடை வரும், அது சூட்டுக்கருவி. நடுவில் கண்ணைத் திறக்கவும் மூடவும் சொல்வார்கள். தையலுக்கு 6-0 நைலான் என்று செவிலியர் சொல்லக் கேட்டேன். தலைமுடி கனம்தான் இருக்கும். எண் கூடக்கூட நூல் மெலியும் என்பது அங்கேயும் வழக்கமாம்.

முடிந்ததும் களிம்பு போடுவதால் எல்லாம் மங்கலாகத் தெரியும். துணைக்கு ஒருவர் அவசியம். கடலூர்க்காரர்களுக்கு வழி அதிக தூரமில்லை என்றாலும் பஸ்ஸோ இரு சக்கர வாகனமோ வேண்டாம். கண்ணாடி ஏற்றிய காரில் போங்கள். சிதம்பரம், நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அன்றிரவு புதுச்சேரியிலேயே தங்கிவிடுங்கள். காரணம் இருக்கிறது. மிக அரிதாக, விழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கலாம். ஒரு கண்ணில் மட்டும் தாங்க முடியாத வலி, விழி முன்தள்ளிக் கல்லாக இறுகுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது ஆகியவை அதன் அடையாளம். இரண்டு மணி நேரம் தாண்டினால் பார்வை திரும்பாமலே போகலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவில் யாரை அழைப்பது என்ற எண்ணைக் கையில் வாங்காமல் மருத்துவமனையை விட்டு வெளியே வராதீர்கள். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

முதல் இரண்டு நாள் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை பத்து நிமிடம் குளிர் ஒத்தடம். சுத்தமான துணியில் பொதிந்துதான் வைக்க வேண்டும், ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். குனியக் கூடாது. கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, வீடு துடைப்பது எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்காவது வேறு யாரிடமாவது விடுங்கள். முக்கினாலும் கண்ணில் அழுத்தம் ஏறும்; அதனால் கீரையும் பழமும் சாப்பிட்டு மலச்சிக்கல் வராமல் பாருங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். ஒரு கண் இன்னொன்றைவிட அதிகம் வீங்கும், ரத்தக்கட்டு கன்னம் வரை இறங்கிக் கறுக்கும். அந்த நாட்களில் கண்ணாடி பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அது உங்கள் முகம் அல்ல, வீக்கம். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் தையல் பிரிப்பார்கள்; இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். இரவில் கண் சிறிது திறந்தே இருந்தால் களிம்பும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் தவறாமல் போடுங்கள். இது பெரும்பாலும் சில நாளில் சரியாகும். ஆகாவிட்டால் உடனே சொல்லுங்கள். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு இருந்தாலும் அப்படியே.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று அன்போடு எடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள். பாட்டியோ அத்தையோ கோபித்தாலும் சரி, ஒரு சொட்டும் உள்ளே விடாதீர்கள். கண்மை இரண்டு வாரத்துக்கு வேண்டாம். வெயிலில் குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தழும்பு கறுக்காமல் இருக்க. ஒரு மாதம் கடலிலோ குளத்திலோ முழுக்குப் போட வேண்டாம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனால் தீர்த்தவாரியைத் தள்ளி நின்று கும்பிடுங்கள். மணல் பறக்கும் மாலைக் கடற்காற்றும் முதல் வாரங்களில் ஆகாது. கல்யாண ரவிக்கை வராத ஆடி மாதத்தை நான் தேர்ந்தெடுத்தேன். நீங்களும் உங்கள் வேலை ஓயும் காலமாகப் பாருங்கள்.

"இந்த வயதில் எதற்கு?" என்று என் நாத்தனார் கேட்டார். "இந்த வயதில்தான் அண்ணி தோல் தளர்கிறது" என்றேன். அவருக்கும் இப்போது அதே யோசனை, கீழ் இமைப் பைக்கு. அது வேறு கணக்கு. அங்கே பெரும்பாலும் முன்தள்ளிய கொழுப்புதான் பிரச்சினை. இமையின் உள்பக்கமாகவே போய் எடுத்தால் வெளியே தழும்பு இருக்காது. ஆனால் வெளித்தோலை அதிகம் எடுத்தால் இமை கீழே இழுபட்டுக் கண்ணில் நீர் வழியும். இமையை விரலால் இழுத்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்க்காத மருத்துவரிடம் கீழ் இமையைக் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தழும்பு முதலில் சிவந்து தடித்திருக்கும். மடிப்புக்குள் மறைந்து வெளிறப் பல மாதங்கள் ஆகும். இமையின் பாரம் மாறுவதால் கண்ணின் பவரும் சற்று மாறக்கூடும். புதுக் கண்ணாடி வாங்குவதாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்துக்கொண்டு வாங்குங்கள்.